பெயர் சொல்லாத ஆர்டர்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. மாடி ஜன்னலில் ஏரி தெரியவில்லை, எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. டீ மூட்டைகளைச் சுவரை விட்டு நகர்த்தி வைத்தேன். ஈரம் ஏறினால் அவ்வளவுதான்.

41-ஆம் ஆர்டர் உறுதியாகிவிட்டது. கிள்ளானில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர். கணவர் தவறி ஒரு வருடம் ஆகப் போகிறது, 16-ஆம் தேதி ஞாயிறு திதி. வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு டீப் பை கொடுக்க வேண்டும். "அவருக்கு டீ இல்லாட்டி வாயே தெறக்காதும்மா," என்றார் ஃபோனில். ஏலக்காய் கொஞ்சம், இஞ்சி தூக்கல், பூ கூடாது. சந்தன நிறத் துணி. அவருடைய சட்டைகள் எல்லாம் அந்த நிறம்தானாம். இருநூறு பை.

இதுவரை கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்றே வந்தது. திதிக்கு இதுதான் முதல். ஒழுங்காக முடித்தால் கிள்ளான் பக்கம் இன்னும் நாலு வீடு பிடிக்கலாம். சொதப்பினால் அந்த அம்மா முகத்தில் விழிக்க முடியாது. திதியை இன்னொரு தடவை வைத்துக்கொள்ள முடியுமா என்ன.

ஆக வேண்டியவை:
டீ, ஃபேக்டரியில். கணக்குப் பார்க்கும் பழைய கிராணி இருக்கும்போதே போக வேண்டும், புதிதாக வந்தவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
அட்டை, ஈப்போ அச்சகம். படம், பெயர், தேதி.
துணி, எஸ்டேட் லைன் வீட்டுக்கு, தைக்க.
வீட்டில் இவருக்கு இருமல் மருந்து.
பெருங்காயம்.

நாளை காலை காசிம் பாய் லோரி காலியாக மேலே ஏறும். திரிங்காப்பில் காய்கறி ஏற்றப் போகிறவர், போகிற வழியில் துணியை லைனில் இறக்கிவிடுவார். துணிக் கட்டோடு சீட்டு வைத்தேன்: "41. சந்தனம். 200. வழக்கம் போல." யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருந்தால் போதும்.

நவம்பர் 5, புதன்

கொஞ்சம் வெயில். போர்வை இரண்டும் காய்ந்தன.

இஞ்சியை வறுத்து அரைத்து மூன்று தடவை கலந்து பார்த்தேன். முதலாவது காரம். இரண்டாவது மருந்து மாதிரி. மூன்றாவதை இவரிடம் கொடுத்தேன். "டீ மாதிரிதான் இருக்கு," என்றார். இவரிடம் போய்க் கேட்டேன் பார். ஸ்கூல் வேன் ஓட்டி ஓட்டி நாக்கும் டீசல் ஆகிவிட்டது.

திரிங்காப் ராமு அண்ணன் ஃபோன். கல்யாண ஆர்டர்களுக்கு ரோஜா இதழ் உலர்த்தித் தருகிறவர். "இந்த வாரம் பூ வேணாமா தங்கச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். "ஏன், என்னா ஓடர்?" என்றார். வேறு ஆர்டர் என்றேன். "நீ எப்பவும் இப்படித்தான். எதுக்குன்னு சொன்னாத்தானே அதுக்கேத்த பூ குடுக்க முடியும். போன தடவ நிச்சயதார்த்தத்துக்குப் போய் வெளுத்த பூவ வாங்கிட்டுப் போன." அவருக்கு அது நிச்சயதார்த்தம் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. காசிம் பாயா? அட்டைக்காரனா? விசாரிக்க வேண்டும்.

இவர் என்னைச் சந்தேகப் பிசாசு என்கிறார். இருக்கட்டும். பேக்கிங்குக்கு வைத்திருந்த பெண் என் வாடிக்கையாளர் நம்பர்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு தாப்பாவில் சொந்தமாகக் கடை போட்டபோது இவரா வந்து அழுதார்? அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. ஃபேக்டரிக்குப் பூ யாருடையது என்று தெரியாது. ராமு அண்ணனுக்குத் தைப்பது யார் என்று தெரியாது. அட்டைக்காரனுக்கு அந்த அட்டை எதில் தொங்கப் போகிறது என்று தெரியாது. தைக்கிறவளுக்கு யார் வீட்டு விசேஷம் என்று தெரியாது. எல்லாருக்கும் நம்பர் மட்டும். எல்லாம் வந்து சேர்வது என் மேசையில். ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டால் நடுவில் நான் எதற்கு?

டீயைச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து ஒட்டத் தொடங்கினேன். ஒட்டும் மெஷின் சூடாகி நிற்கிறது, ஆறவைத்து ஆறவைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

பாக்கெட்டுகளை லோரியில் ஏற்றிவிட்டேன். பாய் வண்டிச் சன்னலிலிருந்து, "சரசுகிட்டதானே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். ரகசியம் பாயிடம் படும் பாடு.

சரசு என் வீட்டுக்காரரின் தங்கை. மாப்பிள்ளை தவறி நாலு வருடம். ஃபேக்டரியில் பேக்கிங் வேலை, அதே லைன் வீடு, தனியாக. சாயங்காலங்களில் எனக்குத் தைக்கிறாள். பையைத் தைத்து, டீப் பாக்கெட்டையும் குங்குமப் பொட்டலத்தையும் உள்ளே வைத்து, நூல் கட்டி அனுப்புவாள். அந்த முடிச்சுதான் என் கடைக்கே பெயர். ஒரு முனையை இழுத்தால் போதும், மடிப்பு மடிப்பாக விரிந்து கொடுக்கும். கத்தரிக்கோல் தேவையில்லை. அதைப் பார்த்துத்தான் பாதி ஆர்டர் வருகிறது. அவளுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஈப்போ அட்டை திங்கள்கிழமை வருமாம். டீச்சரம்மா வீட்டு ஐயா படம் நன்றாக வந்திருக்கிறது, அட்டைக்காரன் ஃபோனில் அனுப்பினான். சிரித்த முகம். சந்தனச் சட்டைதான்.

நவம்பர் 8, சனி

எழுத்து கோணல்.

இவருக்குச் சோளம் தின்ன ஆசை வந்து பிரிஞ்சாங் ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குப் போனோம். ஒரே சுற்றுலாக் கூட்டம். ஸ்ட்ராபெரி, ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரித் தொப்பி. அதற்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண்ணின் மேசை. தேன், உலர்ந்த காளான், பக்கத்தில் டீப் பைகள். சிவப்புத் துணி. வாயில் நூல்.

என் முடிச்சு.

ஒன்றை எடுத்து முனையை இழுத்தேன். அதே மாதிரி விரிந்து கொடுத்தது. அந்தப் பெண் பருத்த உடம்பு, நெற்றியில் அகலமான பொட்டு, வாய் ஓயாமல் பேச்சு. "நாங்களே செய்யறது அக்கா," என்றாள். "கல்யாணம் காட்சின்னா சொல்லுங்க. பேரு போட்டு, ஒங்களுக்குப் புடிச்ச துணியில, புடிச்ச மாதிரி செஞ்சு குடுப்போம்."

புடிச்ச மாதிரி. என் வாயிலிருந்து வரும் வார்த்தை அப்படியே. ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் பிரித்தால் டீ மட்டம், வெறும் தூள். அதிலொரு அற்ப சந்தோஷம்.

முடிச்சு அவளுக்கு எப்படிப் போயிருக்கும்? அது தெரிந்தவள் சரசு ஒருத்திதான். இவர் சோளத்தைக் கடித்துக்கொண்டே, "முடிச்சுன்னா யாரு வேணாலும் போடலாம் லா," என்றார். தங்கச்சி பாசம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சாமியைப் பார்க்காமல் முன்னால் நின்ற பெண்ணின் ஜாக்கெட் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இதில் சரசுவை ச. என்றே எழுதுவேன். இந்த நோட்டு மேசையில் கிடக்கிறது, யார் புரட்டுகிறார்களோ.

ச. மேல் சந்தேகம், வரிசையாக:
போன மாதம் ஃபோன் செய்தபோது பக்கத்தில் யாரோ பேசும் சத்தம். கேட்டால் டிவி என்றாள். டிவி "நூலக் குடு" என்று கேட்குமா?
தீபாவளிக்கு வந்தபோது என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.
யாருக்கோ ஜாக்கெட் ஜாக்கெட்டாகத் தைத்துக் கொடுக்கிறாள், காசு வாங்குவதில்லை என்று இவரே உளறியிருக்கிறார். இந்தக் காலத்தில் யார் யாருக்குச் சும்மா தைக்கிறார்கள்?

இப்போது கேட்டால் 41 பாதியில் நின்றுபோகும். பை கைக்கு வரட்டும்.

இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் லைனுக்குப் போனேன். ஃபேக்டரி விட்டு வரும் நேரம். பஸ் இறங்கி மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மலைச்சரிவு முழுக்கக் கொழுந்து, கவாத்து வெட்டின பக்கம் மட்டும் மொட்டை. பார்க்க நேரமில்லை.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே ச. குரல். மெதுவாகத்தான் பேசினாள், தகரக் கூரை வீட்டில் மெதுவாகப் பேசி என்ன பயன். "சீக்கிரம் முடிச்சுக் குடு. அண்ணிக்குத் தெரிய வேணாம்."

கதவைத் தட்டினேன். உள்ளே ஒரே தடபுடல். ச. திறப்பதற்குள் பின்வாசல் வழியாக ஒருத்தி இறங்கி, கீழ் லைன் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். பருத்த உடம்பு. திரும்பிப் பார்த்தாள். அகலமான பொட்டு.

பிரிஞ்சாங் மேசைக்காரி. சந்தேகமே இல்லை.

ச. ஒன்றும் நடக்காத மாதிரி, "வாங்க அண்ணி, ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல," என்று டீ போட்டுக் கொடுத்தாள். தையல் மெஷின்மேல் என் சந்தனப் பைகள், பாதி கட்டி, பாதி கட்டாமல். டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாகப் போட்டிருந்தாள், அதுவும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது கேட்டாள். "அண்ணி, இந்த 41 யாரு வீட்டு விசேஷம்? துணி ரொம்ப அழகா இருக்கு."

"தெரிஞ்சு என்னா செய்யப் போற?"

"சும்மாதான் அண்ணி."

சும்மா கேட்கிறாளாம். யார் வீடு என்று தெரிந்தால் அந்த மேசைக்காரிக்குச் சொல்வதற்கு. "வேலைய மட்டும் பாரு சரசு," என்றேன். தலையாட்டினாள்.

நாலு வருடமாக ஒவ்வொரு ஆர்டரும் இவளுக்குத்தான் கொடுத்தேன். வேறு தையற்காரி கிடைக்காமலா? இவர் தங்கை, தனியாக இருக்கிறாள் என்றுதானே. நெஞ்சு எரிகிறது. இஞ்சி டீ குடித்தும் அடங்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மேலே மண்சரிவு, பாதை ஒரு பக்கம் அடைப்பு. பாய் தாமதமாகத்தான் வந்தார். கோஸ் மூட்டைகளுக்கு மேல் என் பைகள், தார்ப்பாய் போர்த்தி. ஒன்றும் நனையவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், பாய் லோரி ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. வாய்தான்.

ராமு அண்ணனிடம் அது நிச்சயதார்த்தம் என்று சொன்னது யார் என்று கேட்டேன். "நாந்தான்," என்றார், கொஞ்சமும் கூசாமல். "அட்டைய நானே தானே தூக்கிட்டு வந்தேன் தங்கச்சி. நிச்சயதார்த்தம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எனக்குக் கண்ணு இருக்கா இல்லியா?"

அடுத்த தடவை அட்டையை உறை போட்டு ஒட்டித் தரச் சொல்ல வேண்டும்.

அட்டைகளைத் தொங்கவிட்டேன். இருநூறு தடவை ஐயா சிரிக்கிறார். டீச்சரம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஃபோன் செய்கிறார், ஒன்றும் கேட்பதற்கில்லை, பேசத்தான். "மழ பேயுதாம்மா அங்க?" என்பார். பெய்கிறது என்பேன். "அவருக்கு மழைன்னா புடிக்கும்," என்பார். அப்புறம் வைத்துவிடுவார். நானும் வைத்துவிடுவேன். மனசு கனத்துப் போகிறது.

நாளை மறுநாள் மதியம் லோரி கீழே இறங்குகிறது. பைகள் அதே லோரியில் கிள்ளானுக்கு. இவரிடம் மேசைக்காரி விஷயத்தைச் சொன்னேன். "நீ சரசுகிட்டயே கேளு," என்றார். கேட்கத்தான் போகிறேன். பைகள் கிளம்பட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை, மூட்டம்.

காலையில் ஒரு யோசனை. முடிச்சைக் கொடுத்தவள் டீயை மாற்றியிருக்க மாட்டாளா? அந்த மட்டத் தூளை அடைத்து, என் டீயை மேசைக்காரிக்குக் கொடுத்திருந்தால்? ஒரு பையை எடுத்து முனையை இழுத்தேன்.

பாக்கெட் என்னுடையதுதான். ஒட்டு உடையவில்லை. அதன் மேலே குங்குமப் பொட்டலம்.

திதிக்குப் போகிற பையில்.

இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும். இன்னொன்று. அதிலும். உட்கார்ந்துவிட்டேன். கணவனை நினைத்து அந்த அம்மா கையால் எடுத்துக் கொடுக்கப் போகிற பை. வாங்குகிறவர்கள் வீட்டில் போய்ப் பிரித்தால் உள்ளே குங்குமம். யாரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. என் பெயரைக் கெடுத்து, கிள்ளானை அந்தப் பொட்டுக்காரிக்கு வாங்கிக் கொடுக்க. அப்படித்தான் தோன்றியது, இங்கே மாற்றி எழுத முடியாது.

சாயங்காலம் இவர் வந்ததும், இவரையும் வேனையும் பிடுங்காத குறையாகக் கிளப்பி, பைகளை ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனேன். ச. ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலைத்துண்டுகூட அவிழ்க்கவில்லை. பொட்டலத்தை அவள் முன்னால் போட்டேன்.

"இத வெக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் அண்ணி. வழக்கம் போலன்னு எழுதியிருந்துச்சே. போன ஓடருக்குக் குடுத்ததுல மிச்சம் இருந்துச்சு."

"இது திதி ஓடர்."

தலைத்துண்டை அவிழ்க்கப் போன கை நின்றது. "திதியா? அண்ணி, யாருக்கு?"

"யாருக்கா இருந்தா என்னா. புருஷனுக்குப் பொண்டாட்டி குடுக்கறது."

நான் விடவில்லை. மேசைக்காரி யார் என்று கேட்டேன். பிரிஞ்சாங்கில் பார்த்ததைச் சொன்னேன். பின்வாசலைச் சொன்னேன். பக்கத்து வீடுகளில் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். இவர், "மெதுவா பேசு பத்மா," என்றார். நான் ஏன் மெதுவாகப் பேச வேண்டும்?

"அவ ராணி, கீழ் லைன்," என்றாள் ச. "குங்குமம் வெக்கறது அவதான். முடிச்சுப் போடறதும் அவதான்."

"ஏன், ஒன் கையில என்னா கேடு?"

கேட்டேன். அந்த வார்த்தையைத்தான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது, ஆனால் வாய் மூடவில்லை.

"நான் வெக்கலாமா அண்ணி," என்றாள். "கல்யாண வீட்டுக்குப் போற பையில?"

இவர் வேன் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் அவளே சொன்னாள், மெஷினைப் பார்த்துக்கொண்டே. முதல் ஆர்டரிலிருந்தே இப்படித்தானாம். தைப்பது வரைக்கும் அவள். முடிச்சை ராணிக்குச் சொல்லிக் கொடுத்து, குங்குமத்தையும் ராணி கையால் வைக்கச் செய்து, அதற்குப் பதிலாக ராணிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறாள். "பின்னாடி யாராச்சும் ஒண்ணு சொல்லிட்டா, பொண்ணு மாப்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, நம்ம கைதானே அண்ணி வரும் பேச்சுல. ஒங்களுக்குத் தெரிஞ்சா ஓடர் குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் அப்படிப் பாக்கறவளா சரசு?"

"நீங்க பாக்க மாட்டீங்க. வாங்கறவங்க பாப்பாங்க." அப்புறம், "ராணி கடையில வெக்கறது எனக்கும் தெரியும். என்னத்தச் சொல்லிக் கேக்கறது. அவ வரலன்னா யாரு கட்டுவா?"

நாலு வருடம் ஒரு கைம்பெண்ணுக்குக் கல்யாணப் பைகளாக அனுப்பியிருக்கிறேன், குங்குமப் பெட்டியோடு. அவள் என்ன நினைப்பாள் என்று ஒரு நாள் யோசித்ததில்லை. இவள் யாரிடம் பேசுகிறாள் என்று மட்டும் யோசித்திருக்கிறேன்.

அவள் பைகளைப் பார்த்தாள். "அன்னிக்குக் கேட்டேனே அண்ணி. திதின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இது ஒண்ணுதான் நான் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் என் கையாலயே செஞ்சிருப்பேன்."

நவம்பர் 15, சனி

நேற்று அங்கேயே தங்கிவிட்டேன். இவர் மட்டும் திரும்பினார்.

விடிந்ததும் தொடங்கினோம். தொடங்கினோம் என்றா எழுதினேன், தொடங்கினாள். நான் ஒரு பையை எடுத்து இழுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேணாம் அண்ணி. திதிச் சாமான். நீங்க வேற ஊட்டுக்காரர வெச்சுக்கிட்டு. நான் பாத்துக்கறேன்." எனக்குக் கேடு வரக் கூடாதாம். நேற்று அத்தனை பேர் முன்னால் நான் கேட்ட கேள்விக்குப் பிறகும்.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு பையாகப் பிரித்து, பொட்டலத்தை எடுத்து, உள்ளே ஒரு தடவை துடைத்து, நூலைப் புதிதாகக் கட்டினாள். ராணி கட்டியதைவிட நேராக இருந்தது. அட்டையை ஒவ்வொன்றிலும் திரும்பத் தொங்கவிட்டாள். ஐயா படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்ல மொகம்," என்றாள்.

நான் சோறு வடித்தேன், கருவாடு வறுத்தேன். அதைச் செய்ய விட்டாள்.

மதியம் பாய் லோரி வந்தது. பைகளை ஏற்றும்போது பாய், "தங்கச்சி, இது கிள்ளான் திதிதானே, எதுக்கு ரெண்டு தடவ லைனுக்கு வந்துச்சு?" என்றார். அட்டையைப் படித்திருக்கிறார். ஆக, லோரிக்காரருக்கு அட்டை வந்த அன்றைக்கே தெரியும். தைக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

திரும்பி வரும்போது இருமல் மருந்து வாங்கினேன்.

நவம்பர் 17, திங்கள்

திதி நல்லபடியாக முடிந்தது. டீச்சரம்மா ஃபோனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார், அழுது ஓய்ந்த குரல். எல்லாரும் பை வாங்கிக்கொண்டார்களாம். வயதானவர்கள் அங்கேயே பிரித்து மணம் பார்த்தார்களாம். "கத்திரிகூட வேண்டாம், இழுத்தா வந்துருது. யாரும்மா கட்டினது? பொறுமையான கை."

இப்படி யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: எங்கள் ஆட்கள். அதையே தட்டச்சு செய்தேன். அழித்தேன். இந்த அம்மாவுக்கு ச. பெயர் தெரிந்தால், நாளை அவரே நேராக அவளைக் கூப்பிடலாம். அவர் சொல்லி இன்னும் பத்துப் பேர் கூப்பிடலாம். நான் வேண்டாம் என்றாகிவிடும். இந்தப் புத்தி போகாது போலிருக்கிறது.

"சரஸ்வதி. என் நாத்தனார். லைனில் இருக்கிறாள்," என்று அனுப்பிவிட்டேன்.

ராணியை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. இவர் விட்டுவிடு என்கிறார். விடமாட்டேன். ஆனால் எதைச் சொல்லிக் கேட்பது?

நவம்பர் 18, செவ்வாய்

பளிச்சென்று வெயில். ஏரி தெரிந்தது.

42. ஈப்போ, கல்யாணம். ராமு அண்ணனிடம் பூ கேட்கும்போது, "கல்யாணம், ஈப்போ, பொண்ணு நர்ஸ், மாப்பிள்ளை வீட்டில் சிவப்பு வேண்டாம் என்கிறார்கள்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ஒடம்புக்கு முடியலயா தங்கச்சி?" என்றார்.

துணிக் கட்டில் சீட்டு எழுதினேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், தேதி, மண்டபம். எழுதும்போது கை கூசியது. குங்குமப் பெட்டியையும் கூடவே வைத்துக் கட்டினேன். பாயிடம் சொல்லியனுப்பினேன்: "ராணியெல்லாம் வேணாம். அவளே வெச்சு, அவளே கட்டட்டும். வாங்கறவங்க யாராச்சும் ஒண்ணு சொன்னா நான் பதில் சொல்லிக்கறேன்னு சொல்லுங்க."

லோரி போன பிறகு வேலை ஓடவில்லை. முடியாது என்று துணியைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அனுப்பினால் அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவள் இல்லாமல் இந்தக் கடையில் என்ன இருக்கிறது, டீ எல்லாரிடமும்தான் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

தூறல்.

பாய் வந்தார். கையில் குங்குமப் பெட்டி. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

"துணி?" என்றேன்.

"வாங்கிக்கிச்சு. சீட்டப் படிச்சிச்சு. ரெண்டு தடவ படிச்சிச்சு. பெட்டிய மட்டும் குடுத்துருச்சு."

"ஏன்?"

"அண்ணி வந்து வெக்கட்டும்னுச்சு. பக்கத்துல ஒக்காந்து."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். என்றைக்கு வரச் சொன்னாள் என்று கேட்டேன்.

"அத ஒங்க நாத்தனார்கிட்டயே கேளுங்க தங்கச்சி," என்றார் பாய். "நா லோரி ஓட்டறவன்."